ரெஜினா அக்காவுக்கு வாசித்துக் காட்டிய வருடங்கள்

எங்கள் கம்பெனியில் வேலை நேரத்தில் கைபேசி வைத்துக்கொள்ள முடியாது. கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் பேக்கிங் பகுதிக்குள் போக வேண்டும். வீட்டில் ஏதாவது என்றால் கேட்டில் இருக்கும் தொலைபேசிக்கு அழைப்பு வரும். செக்யூரிட்டி அண்ணன் உள்ளே நடந்து வருவார். அவர் தலை கதவில் தெரிந்தாலே நாங்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு, யார் பெயரைச் சொல்லப் போகிறாரோ என்று பார்ப்போம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வந்தவர், நேராக என்னிடம் வந்தார்.

"பாகூர்லருந்து ஜெனின்னு ஒரு பொண்ணு பேசிச்சும்மா. அவங்க அம்மா பூட்டாங்களாம். உங்கிட்ட மொதல்ல சொல்லச் சொல்லுச்சு."

ஜெனியின் அம்மா ரெஜினா அக்கா பதினொரு நாட்களாகப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். சர்க்கரை முதலில் அவர் கண்ணை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தை எடுத்தது. எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்தால் வலிக்காது என்று யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்பி வையுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத் திருபுவனை நிறுத்தத்தில் பஸ் ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதன் மூடி எங்கள் கம்பெனியில் செய்த மூடி. நானும் அக்காவும் எத்தனை லட்சம் மூடிகளைக் கையால் தொட்டிருப்போம். அதைப் பார்த்ததும் இன்னும் அழுதேன்.

நம் ஊர் மாதா கோயிலில் அவர் குரலைக் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கரியமாணிக்கம் பக்கத்துச் சின்ன ஊர், ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பூசை, அதில் இருபது வருடத்துக்கும் மேலாக முதல் வாசகம் அவருடையது. கண் தெரியாமலே வேத வாசகம் வாசித்த பெண் என்று இப்போது எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் பாதி ஊர்களுக்கு அவரைத் தெரியும். அடக்கத்தன்று பேசியவர்கள் அவரை ஒரு புனிதையாகவே ஆக்கிவிட்டார்கள். நான் சொல்கிறேன், அவர் புனிதை இல்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் சண்டைக்கு நிற்பார். சர்க்கரை ஏறிக் கிடக்கும்போதே திருவிழாக் கடையில் ஜிலேபி வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டு வருவார். கூடவே வேலை செய்து, கூடவே சண்டை போட்டு, அவருக்கு ஒரு பெரிய அவமானத்தையும் தேடித்தந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ரெஜினா அக்காவைச் சொல்கிறேன்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை செய்தவர். ஐந்து வருடத்துக்கு முன் மூலக்குளத்தில் ஒரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அன்றைக்கும் இதே செக்யூரிட்டி அண்ணன்தான் வந்து என் பெயரைச் சொன்னார். அதற்கு முந்தின ஞாயிறுதான் நாங்கள் இருவரும் வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தோம். எனக்குக் கோபம் வந்தது. துக்கம் அப்புறம்தான் வந்தது, கோபம்தான் முதலில். கோயில் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டேன். அன்பியம் என்கிற தெரு ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். "ஆண்டவர் சோதிக்கிறார்" என்று ஒருவர் சொன்னார். அவருக்கு நான் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

ரெஜினா அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்வார். எட்டு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் கேன்டீன் சாம்பாரைப் பற்றியும் மட்டும் பேசினார். ஒரு நாள் காலை, நைலான் பையிலிருந்து தடித்த பழைய வாசகப் புத்தகம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

"பிலோ, எனக்கு ஒரு ஒத்தாச பண்ணு. இத்தப் படிச்சிக் காட்டு."

"கோயிலுக்கு இழுக்க வழி பாக்கறியா அக்கா? வேற ஆளப் பாரு."

"நீ கோயிலுக்கு வா, வராம போ. அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. எனக்குக் கண்ணு தெர்ல. அதான் கேக்கறேன்."

நான் நம்பவில்லை. அவர் வேலை செய்தது செக்கிங் பகுதியில். பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளில் விளிம்பில் பிசிறு உள்ளதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கண் உள்ளவர்களைவிட அவர் வேகமாக எடுப்பார்.

"அப்ப மூடிய எப்பிடிப் பாக்கற?"

"கையாலதான். பிசிறு கண்ணுல படறதுக்கு முன்னாடி வெரல்ல குத்தும். யாருக்கும் சொல்லாத. சொன்னா உக்காருன்னு சொல்லிடுவாங்க. உக்காந்துட்டேன்னா எழுந்துக்க மாட்டேன்."

"கம்பெனியிலயா, கோயில்லயா?"

"ரெண்டுத்துலயும். கம்பெனி போனா போவுது. அந்த எடத்த மட்டும் வுட முடியாது பிலோ. வாரத்துக்கு ஒரு நாளு, நாலு நிமிசம், ஊரே எங்கிட்டருந்து ஒண்ணு கேக்குது. மத்த ஆறு நாளும் எனக்கு அதுலதான் ஓடுது."

அதற்கு மேல் எப்படி மறுப்பது? வாசித்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். திங்கட்கிழமை மூன்று வாசகங்களையும் ஒருமுறை கேட்பார். செவ்வாயிலிருந்து அவருடைய பகுதியை மட்டும் இரண்டு வரி, நான்கு வரி என்று ஏற்றிக்கொண்டு போவார். வெள்ளிக்கிழமை பஸ் மடுகரையைத் தாண்டும்போது முழுவதையும் ஒப்பித்து முடித்திருப்பார். பஸ் சத்தத்தில் நான் கத்தித்தான் வாசிக்க வேண்டும். அதனால் முன்னும் பின்னும் உள்ளவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் பின்சீட்டில் செல்வி என்று ஒருத்தி, அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டவள், சீரியல் கேட்பதுபோல "அப்பால இன்னா ஆச்சு?" என்பாள். பாலைவனத்தில் மக்கள் சோற்றுக்காக முணுமுணுத்த பகுதியை வாசித்த அன்று, "நம்ம கேன்டீன் லைன் மாதிரியே இருக்குது" என்றாள். அக்கா ஒப்பிக்கும்போது ஒரு வார்த்தை தவறினால் திருத்துவதும் செல்விதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைக் கோயில் கேட்டு வரை கொண்டுவிடுவதும் என் வேலையாயிற்று. அவர் வீட்டுக்காரர் சேசுராசு அண்ணன் லோடு வண்டி ஓட்டுபவர், ஞாயிறு காலை வீட்டில் இருக்க மாட்டார். நான் கேட்டைத் தாண்ட மாட்டேன். பைக் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு கோயில் ஹார்ன் ஸ்பீக்கரில் வரும் அக்காவின் குரலைக் கேட்பேன். பெஞ்சிலிருந்து வாசகம் படிக்கும் இடத்துக்கு எத்தனை அடி, எங்கே படி, எல்லாம் அவருக்குக் கணக்கு. புத்தகத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தும் நிமிர்ந்தும், ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வராமல் முடித்துவிடுவார். உங்களில் பலர் அவரைக் காட்டித்தான் பிள்ளைகளிடம் "பொஸ்தகத்தையே பாத்துகினு இருக்காம ஜனங்களைப் பாத்துப் படிக்கிறாங்க பாரு" என்று சொல்வீர்கள்.

பத்து மாதம் இப்படி ஓடியது. கார்த்திகை மாதத்தில் கம்பெனியில் மாட்டிக்கொண்டார். பிசிறை விரல் காட்டிக்கொடுக்கும், நிறத்தைக் காட்டிக்கொடுக்காது. வெள்ளை மூடிப் பெட்டியில் தந்த நிற மூடிகள் கலந்து போய்விட்டன. சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வெள்ளை மூடியையும் ஒரு தந்த நிற மூடியையும் உள்ளங்கையில் வைத்து, எது எது என்று கேட்டாராம். அக்கா சிரித்துக்கொண்டே, "ரெண்டும் நல்ல மூடிதான் சார்" என்றாராம். மறுநாளிலிருந்து பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாயிற்று.

நான் அவர் வீட்டுக்குப் போய் வாசிக்கத் தொடங்கினேன், வேலை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு நேராக அங்கேதான். அந்த வாரத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

கோயிலுக்குப் புது வருடம் சனவரியில் பிறப்பதில்லை. கிறிஸ்துமசுக்கு நான்கு வாரம் முன்னால், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று பிறக்கும். மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்றாக வாசகங்கள் வரும். அன்றோடு பழைய ஆண்டின் வரிசை முடிந்து அடுத்த ஆண்டின் வரிசை தொடங்கும். பிறந்ததிலிருந்து கத்தோலிக்கப் பெண்ணாக இருந்த எனக்கு இது தெரியும்தான். ஆனால் ஒன்றரை வருடம் கோயிலை மறந்திருந்தவளுக்கு எங்கே நினைவுக்கு வரும்? பத்து மாதமாக 'இரண்டாம் ஆண்டு' என்று போட்ட பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை, மூன்றாம் ஆண்டுக்குப் பதில் அன்றும் அதே 'இரண்டாம் ஆண்டு' பகுதியைத் திறந்தது. வேலை போன துக்கத்தில் அக்காவும் கேட்கவில்லை. களிமண்ணையும் குயவரையும் பற்றிய வாசகம். அருமையாக மனப்பாடம் செய்தார்.

ஞாயிறன்று வழக்கம்போல வெளியே நின்றேன். ஹார்னில் அக்காவின் குரல் வந்தது. பிறகு பாதரின் மறையுரை. வில்லியனூர்ப் பக்கம் மண் பிசைகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அவர்கள் உடைந்ததைத் தூக்கி எறிவதில்லை, தண்ணீர் ஊற்றி மறுபடியும் பிசைகிறார்கள் என்று பேசினார். நன்றாகப் பேசுகிறாரே என்றுதான் நினைத்தேன். அவர் தயாரித்து வந்த மறையுரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அக்கா சொன்ன வாசகத்துக்கு அந்த நிமிடமே ஒன்றைப் பிசைந்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள், அக்கா வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கோயில் கமிட்டிச் செயலாளர் பீட்டர் அண்ணன் வாசகப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர்.

"பொஸ்தகத்துல இருக்கறது ஒண்ணு, நீங்க படிச்சது ஒண்ணு. இது எப்பிடிம்மா?"

 அக்கா நேராகவே சொன்னார். "எனக்குப் பொஸ்தகம் தெர்லண்ணா. ஒரு வருசமா தெர்ல."

அத்தனை பேர் நடுவில் அவர் அப்படி நின்றுகொண்டிருந்தார். தப்புச் செய்தவள் நான், கூண்டில் நிற்பவர் அவர். விடுவிடுவென்று நடந்துபோய்ப் பீட்டர் அண்ணன் முன்னால் நின்றேன்.

"நாந்தாண்ணா தப்பாப் படிச்சிக் குடுத்தேன். வருசம் மாறனது எனக்குத் தெர்ல. கோயிலுக்கே வராதவளுக்கு எப்பிடித் தெரியும்? கேக்கறதுன்னா என்னக் கேளுங்க."

 அக்கா என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"பிலோ, எங்க நின்னுகினு பேசற நீ?"

அப்போதுதான் கீழே பார்த்தேன். கோயிலுக்குள்ளேயே, பீடத்துக்கு முன்னால், சிவப்புக் கம்பளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். அக்கா சிரித்துவிட்டார். அவமானப்பட்டு நிற்கிற இடத்தில், கண்ணில் தண்ணீர் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

புதன்கிழமை கமிட்டி கூடி, ரெஜினா அக்கா இனி ஓய்வெடுக்கட்டும் என்று முடிவு செய்தது. பீட்டர் அண்ணனை நான் அப்போது திட்டித் தீர்த்தேன். இப்போது யோசித்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இறைவார்த்தையைப் புத்தகத்திலிருந்து வாசிக்க வேண்டும், மனப்பாடத்தை நம்பினால் நாளைக்கு வேறு தப்பு வரும் என்றார். அடுத்த ஞாயிறு வேறொரு பெண் வாசித்தாள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் நான் போனபோது அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன். காலடிச் சத்தத்தில் நான் என்று கண்டுகொண்டார்.

"இன்னா, நான் அழவே மாட்டேன்னு நெனச்சிகினியா? இரு, மூஞ்சி கழுவிகினு வரேன்."

கழுவிக்கொண்டு வந்து, பாயில் உட்கார்ந்து, "ம், படி" என்றார்.

"எதுக்கு அக்கா? லிஸ்ட்ல உன் பேரே இல்லியே."

"லிஸ்ட்ல பேரு இல்லன்னா வார்த்த எனக்கு இல்லன்னு ஆயிடுமா? படி."

அது திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்கான பகுதி. பாதர் ஊதாவை விட்டு ரோசா நிற உடுப்புப் போடும், மகிழ்ச்சி ஞாயிறு என்று நாம் சொல்கிற நாள். சிறையில் இருந்துகொண்டு ஒரு திருத்தூதர் ஓர் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதம் அன்றைய வாசகங்களில் ஒன்று. எப்போதும் மகிழ்ந்திருக்கச் சொல்கிறார். அக்கா வேலையை விட்டு நின்ற பிறகும் பஸ்ஸில் செல்வி என்னை விடவில்லை, வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். காலையில் இதை வாசித்தபோது அவள் கேட்ட கேள்வியை அக்காவிடம் சொன்னேன்: "ஜெயில்ல இருந்துகினு இன்னாத்துக்கு மத்தவங்களச் சந்தோசப்படச் சொல்றாரு அந்த ஆளு?"

அக்கா உடனே சொன்னார். "வெளியில இருக்கறவங்க சொன்னா யாரு கேப்பா? செல்விகிட்ட சொல்லு."

மறுநாள் செல்வியிடம் சொன்னேன்.  நான் அன்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பாதரைப் பார்க்கப் போனேன். அக்காவின் இடத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடத்தான் போனேன். என்னென்ன பேச வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பாதர் முழுவதையும் பேசவிட்டார்.

"கமிட்டி கேக்கறது, பொஸ்தகத்து மேல ஒரு கண்ணு இருக்கணும்னுதாம்மா. அவங்களுக்குக் கண்ணு இல்ல. உங்களுக்கு இருக்குது. பக்கத்துல வந்து நில்லுங்க."

"நான் கோயிலுக்கு வர்றதில்ல பாதர்."

"தெரியும்மா. வெளிய நிக்கறவங்களுக்கும் சேத்துதான் ஹார்ன் கட்டி வச்சிருக்குது."

நான் எழுந்து நேராக அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

மகிழ்ச்சி ஞாயிறன்று நாங்கள் இருவரும் வாசக மேடையில் ஒன்றாக ஏறினோம். பீட்டர் அண்ணனே அக்கா கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்பாடு இதுதான்: நான் புத்தகத்தில் விரல் வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வருவேன், அக்கா சொல்வார், தவறினால் நான் அவர் முழங்கையைத் தொடுவேன். அன்று தவறே இல்லாத இடத்தில் தொட்டுவிட்டேன். அக்கா நிறுத்தினார்.   அக்கா மூச்சு இழுத்து, அந்த வரியையே திரும்ப ஒருமுறை, முன்னைவிட மெதுவாகச் சொல்லிவிட்டு மேலே போனார். கீழே இறங்கும்போது காதருகில், "எதுக்குடி தொட்ட?" என்றார். "பயத்துல தொட்டுட்டேன் அக்கா" என்றேன். அந்த வரியை வேண்டுமென்றே அழுத்திச் சொன்னதாக நினைத்து, எவ்வளவு உருக்கம் என்று உங்களில் இரண்டு மூன்று பேர் பாராட்டினீர்கள். இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அந்த நான்கு நிமிடமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு முதல்முறையாக. வீட்டுக்கு வந்ததும் அது ஒரு குற்றமாக உறுத்தியது. அக்காவிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நீ சந்தோசப்பட்டா அவர மறந்துட்டன்னு ஆவாது பிலோ. அவரு இருந்தப்ப உன்னச் சிரிக்கக் கூடாதுன்னா சொன்னாரு?" என்றார். என் வீட்டுக்காரர் வேடிக்கை பேசியே வயிற்றைப் புண்ணாக்குகிறவர். அன்று இரண்டு பேரும் அவரைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்தோம். கீரை வேகாமல் போனது.

மூன்று வருடத்துக்கு மேல் அப்படி ஒன்றாக நின்றோம். ஊர்ப் பிள்ளைகள் எங்களுக்கு ரெட்டை மாட்டு வண்டி என்று பெயர் வைத்தார்கள். என் கோபம் முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் வாசித்துக்கொண்டே இருக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு, "இதெல்லாம் நெசமா அக்கா? அப்பிடின்னா எனக்கு ஏன் இப்பிடி?" என்று கேட்பேன். அவர் விளக்கம் சொல்ல மாட்டார். "எனக்குத் தெர்ல. உனக்குக் கோவம் இருக்குது, கோச்சிக்கோ. கோச்சிகினே படி" என்பார். அவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே மனப்பாடம் செய்தார். பக்கத்துக் கட்டில்காரர்களின் பெயரையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு, பூசையின் மன்றாட்டு ஜெபத்தில் அந்தப் பெயர்களைச் சொல்லச் சொல்வார். அதில் இந்துக்கள் உண்டு, வில்லியனூரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் உண்டு. அந்த பாய் தேறி வீட்டுக்குப் போனபோது அக்காவுக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார். சாப்பிடக் கூடாது என்று நான் பிடுங்கிக்கொண்டேன். அதற்குள் எண்ணி மூன்று குறைந்திருந்தது.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு மாலை. வீங்கிய முகம், மூடிய கண். கட்டிலோரம் உட்கார்ந்து அந்த வாரத்துப் பகுதியை வாசித்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. தூங்குகிறார் என்று நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"நீ தூங்கிட்டன்னு நெனச்சேன் அக்கா."

"நான் தூங்குனா இன்னா? நீ படி."

படித்து முடித்தேன். கையைத் தொட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான்.

அடக்கப் பூசையில் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். தனியாக ஏறினேன். முதல் வரியை இரண்டு முறை தொடங்கினேன். முன்வரிசையிலிருந்து பீட்டர் அண்ணன், "மெதுவாம்மா" என்றார். பஸ்காரப் பெண்கள் எல்லோரும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். செல்வி தலையில் முந்தானை போட்டுக்கொண்டு நின்றாள். எப்படியோ வாசித்து முடித்தேன்.

மறுநாள் அக்கா வீட்டில் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கோயிலுக்கு நான் போனது அக்காவுக்காக, வாசித்தது அக்காவுக்காக. இனி எதற்கு? ஜெனியிடமும் அதைச் சொல்லிவிட்டேன். "இந்த ஞாயித்துக்கெழமலருந்து எனக்கு வேல இல்ல ஜெனி. அம்மாவுக்குப் படிக்கத்தானே நான் வந்தது."

ஜெனி கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து அக்காவின் கைபேசியை எடுத்து வந்தாள். எதையோ அழுத்தினாள். ஒரு ஆணின் கனத்த குரல் வேதாகமத்தை வாசிக்கத் தொடங்கியது.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே எங்க வூட்டுக்காரரு இத்தப் போட்டுக் குடுத்துட்டாரு அத்தை. எந்த வாசகம் வேணும்னாலும் எத்தினி வாட்டி வேணும்னாலும் கேக்கலாம். அம்மா காலையில இத்தக் கேட்டேதான் மனப்பாடம் பண்ணாங்க. நீங்க சாயங்காலம் வர்றதுக்குள்ள அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், வேறென்ன வரும்? இரண்டு வருடம், வேலை விட்டு வந்த களைப்போடு, மழையிலும் நனைந்துகொண்டு போய் வாசித்திருக்கிறேன். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டிருக்கிறார்.

"அப்பறம் எதுக்கு என்ன வரச் சொன்னாங்க?"

"நானும் அதத்தான் கேட்டேன் அத்தை. அத்தையை ஏம்மா அலைய வுடற, போன் படிக்குதேன்னு. அதுக்கு அம்மா சொன்னாங்க, 'போன் படிச்சா எனக்கு மட்டுந்தான் கேக்கும். பிலோ படிச்சா பிலோவுக்கும் கேக்கும்.'"

ரெஜினா அக்கா, உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். உன் பழைய வாசகப் புத்தகத்தை ஜெனியிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். வேலை விட்டு வந்து முகம் கழுவியதும், என் வீட்டுப் பாயில் தனியாக உட்கார்ந்து, அடுத்த ஞாயிறுக்கான பகுதியைத் திறக்கிறேன். பஸ்ஸில் கத்துவதுபோல் வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன். எனக்குக் கேட்கிறது.